துரோகி என்ற சொல்

நீலன் திருச்செல்வம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு பட்டியலில். 2009ஆம் வருஷம், சென்னையில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 29ஆம் தேதி முத்துக்குமார் சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்து இறந்த பின் கல்லூரிகள் கொதித்துக் கிடந்தன. வகுப்புகளைப் புறக்கணித்துவிட்டு விடுதி அறையில் விடிய விடியப் பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் துரோகிகள் யார் யார் என்பதில் வந்து நிற்கும். அமிர்தலிங்கம், கதிர்காமர், நீலன். யாராவது சொல்வார்கள், நான் தலையாட்டுவேன்; சில சமயம் நானே சொல்லியிருக்கிறேன். நீலன் எழுதிய ஒரு வரியைக்கூட அன்று நான் படித்தவனில்லை. அவர் கொல்லப்பட்டவர் என்பது மட்டும் தெரியும். துரோகி என்பதற்கு அதுவே போதுமான சாட்சியமாக எங்களுக்கு இருந்தது. இதிலிருந்த தர்க்கக் கோளாறு அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடந்துதான் பஸ் போகும். பஸ்ஸில் கூட வரும் ஒடிஷா, ஜார்கண்ட் பையன்கள் அதை ஒரு பூங்கா என்றே நினைத்திருக்கிறார்கள். 1991 மே 21 இரவு நடந்தபோது நான் கைக்குழந்தை. ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டதுதான். கொழும்பில் 1987 ஜூலை 29ஆம் தேதி கையெழுத்தான ஒரு ஒப்பந்தம், நான்கு வருஷத்துக்குள் இந்தச் சாலையோரத்து மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியுறவுக் கொள்கை என்பது டில்லியில் சிலர் கோப்புகளில் எழுதிவைப்பது என்ற எண்ணம் இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்க நியாயமில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1999இல், அதே ஜூலை 29ஆம் தேதி காலையில், கொழும்பில் வீட்டிலிருந்து அலுவலகம் போய்க்கொண்டிருந்த நீலனின் கார்மீது ஒருவன் பாய்ந்து வெடித்தான். நீலனுக்கு வயது 55. இரண்டையும் செய்தது ஒரே இயக்கம். தேதி ஒன்றாக அமைந்ததற்கு நான் அர்த்தம் எதையும் தேடவில்லை. ஆனால் தினமும் அந்த இடத்தைக் கடக்கிறவனுக்கு இந்த மனிதரைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம்.

அவருடைய வாழ்க்கையைச் சட்ட வரைவுகளின் சரித்திரமாகவே சொல்லிவிடலாம். அது அவர் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. மு. திருச்செல்வம் தமிழரசுக் கட்சிக்காரர், வழக்கறிஞர். 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்பேரில் உள்ளூராட்சி அமைச்சரானவர். மாவட்ட சபைகளுக்கான மசோதா தயாராயிற்று, 1968இல் கைவிடப்பட்டது. அதே வருஷம், திருக்கோணமலைக் கோணேஸ்வரம் கோயில் வளாகத்தைப் புனிதப் பகுதியாக அறிவிப்பதை ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்திவைத்தார். திருச்செல்வம் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்.

மகன் ஹார்வர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1979இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்காக ஜெயவர்த்தன அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவில் உறுப்பினர். தகப்பன் விட்ட இடத்தில், ஏறக்குறைய அதே மாவட்டக் கணக்கிலிருந்து மகன் தொடங்குகிறார். அந்தச் சபைகளுக்கான தேர்தல் 1981 ஜூன் 4இல் நடந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். சபைகள் பெயருக்கு இருந்து மறைந்தன. 1982இல் கொழும்பில் இரண்டு ஸ்தாபனங்கள் உருவாவதில் அவருக்கு முக்கியப் பங்கு: இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் ஒன்று, சட்டத்தையும் சமூகத்தையும் பற்றிய அறக்கட்டளை மற்றொன்று. 1983இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய அதே வட்டுக்கோட்டை. சில மாதங்களில் ஜூலைக் கலவரம். ஆகஸ்டில் பிரிவினைக்கு எதிராகச் சத்தியப் பிரமாணம் செய்யச் சொல்லும் ஆறாவது திருத்தம். கூட்டணிக்காரர்கள் பிரமாணம் செய்ய மறுத்துப் பதவியிழந்தார்கள். இவரும்தான். 1994இல் தேசியப் பட்டியல் வழியாகத் திரும்பிப் போனார். இந்த முறை பிரமாணம் செய்துவிட்டு. பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பென்சிலைக் கூர்மையாக்குகிறார்கள்.

1995 ஆகஸ்ட் 3ஆம் தேதி சந்திரிகா அரசாங்கம் வெளியிட்ட அதிகாரப் பகிர்வு யோசனைகளை உருவாக்கியதில் ஜி. எல். பீரிஸோடு நீலனின் கையும் இருந்தது. அதன் இதயம் ஒரு சொற்றொடர். இலங்கையை ஒற்றையாட்சி நாடு என்று சொல்லிவந்த இடத்தில் பிராந்தியங்களின் ஒன்றியம் என்று அது சொல்லிற்று. சிங்கள தேசியவாதிகள் நாட்டை விற்றுவிட்டதாகக் கூச்சலிட்டார்கள். புலிகளுக்கு அது சொற்பம்; ஏமாற்று. எனக்கு இதில் ஒரு வேடிக்கை. எங்கள் கிளையிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி மஞ்சள் பலகையில் ஸ்ரீபெரும்புதூர் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருக்கிறது. வெயிலில் வெளிறிப்போன பலகை, கீழே டீக்கடை. 2021இல் தமிழ்நாட்டு அரசு மத்திய அரசு என்பதை விட்டு ஒன்றிய அரசு என்று சொல்ல ஆரம்பித்தபோது கொஞ்ச நாள் சத்தம் இருந்தது, அடங்கிவிட்டது. இந்திய அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்தே அதைத்தான் சொல்கிறது. அங்கே ஒரு மனிதர் அந்தச் சொல்லை ஒரு தாளில் நிறுத்திவைக்க ஐந்து வருஷம் உழைத்தார். முடியவில்லை. 2000 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்த மசோதாவில் அந்தச் சொற்றொடர் இல்லை. இருந்ததையும் எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே கிழித்து எரித்தார்கள். அதைப் பார்க்க நீலன் இல்லை.

இனி, அவருக்கு எதிரான வழக்கைச் சொல்ல வேண்டும். அதைப் பலவீனமாகச் சொல்லிவிட்டு அவரைக் காப்பாற்றுவது சுலபம். நம் இலக்கிய விமர்சனத்தில் அப்படிப்பட்ட வக்கீல்தனம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டது. 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிகாரப் பகிர்வு யோசனைகள் வெளியானது அதற்கு இருபத்தைந்தாவது நாள். அக்டோபர் முடிவில் ராணுவம் நெருங்க, புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாணமே காலியாயிற்று. 1996 செப்டம்பரில் கிருஷாந்தி என்ற பள்ளி மாணவி செம்மணிக் காவல் சாவடியில் நிறுத்தப்பட்டு, சிதைத்துக் கொல்லப்பட்டாள். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவன் 1998இல் கோர்ட்டில் சொன்னதிலிருந்துதான் செம்மணிப் புதைகுழிகள் தெரியவந்தன. 2025இல் அதே செம்மணியில் மறுபடி தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, குழந்தைகளுடையவையும் சேர்த்து.

இவ்வளவும் செய்த அரசு எதுவோ, அதனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் நீலன் ஷரத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் அமைச்சரில்லை, அரசின் செயல்களுக்கு உத்தரவாதியும் இல்லை. ஆனாலும் தகப்பன் ஒரு கோயிலை முன்னிட்டு வெளியேறினார். மகன் ஒரு தேவாலயத்துக்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. இந்த ஒப்புமை என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

பதில் தேடும்போது கதிர்காமரை அருகில் வைத்துப் பார்த்தேன். எங்கள் விடுதிப் பட்டியலில் இரண்டு பெயரும் ஒட்டியே வந்தன. அவர்களும் ஒரே வார்ப்புத்தான் என்று தோன்றும். கொழும்பு ஆங்கிலம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், சட்டம், 1994, சந்திரிகா. லக்ஷ்மண் கதிர்காமர் 1963இல் தென் வியட்நாமுக்குப் போய், பௌத்தர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆம்னஸ்டி இன்டர்நேஷனலுக்காக விசாரித்து அறிக்கை எழுதியவர். அந்த ஸ்தாபனத்தின் ஆரம்ப நாட்களில் அப்படி ஒரு நாட்டுக்குப் போய் விசாரித்த முன்னோடி அவர். அவரே 1995இல் வெளியுறவு அமைச்சர். நவாலியில் நடந்ததைச் செஞ்சிலுவைச் சங்கம் வெளியே சொன்னபோது, அதன்மீது அரசாங்கத்தின் அதிருப்தியைத் தெரிவித்தவர் அவர்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மனிதன் மேஜையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான். புலிகளை உலக நாடுகள் தடை செய்ய வைத்தது அவர் வாழ்வின் பெரிய காரியம் என்பார்கள். 1997இல் அமெரிக்கா செய்தது, 2001இல் பிரிட்டன். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2005 ஆகஸ்ட் 12ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றதிலும் எந்த நியாயமும் இல்லை. ஆனால் வெளியுறவு என்ற தொழில் மனித உரிமை என்ற அக்கறையை என்ன செய்யும் என்பதற்கு அந்த இரண்டு தேதிகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு அரசின் குரலாக ஆகிவிட்டவன் அந்த அரசுக்கு எதிரான சாட்சியாக இருக்க முடிவதில்லை.

நீலன் அப்படிக் குரலாகவில்லை. 1999 ஜூனில், கொல்லப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு, பாராளுமன்றத்தில் அவர் பேசியது கிடைக்கிறது. போர்க்களத்தில் ஆனாலும் வேறு எங்கே ஆனாலும் மரணத்தை நாம் மகிமைப்படுத்த முடியாது, உயிரின் புனிதம் போய்விட்டால் மற்ற உரிமைகளுக்கு அர்த்தமே இல்லை என்பது அதன் சாரம். அதே மாதத்தில்தான் செம்மணியை முதல்முறை தோண்டத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சை இரண்டு தரப்புக்கும் பொருந்துமாறு படிக்கலாம். அப்படிப் படிக்கத்தான் அவர் பேசியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வீரமரணத்தைத் தினமும் சுவரொட்டியாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சேனைகளில் எதற்கும் அது பிடித்திருக்காது.

அல்ஜீரியாவில் காம்யு இதே இடத்தில் நின்றார். 1956 ஜனவரியில் அல்ஜியர்ஸில், யுத்தத்தை நிறுத்த முடியாவிட்டால் சாதாரண ஜனங்களைக் கொல்வதையாவது இரண்டு பக்கமும் நிறுத்துங்கள் என்று கேட்டார். வெளியே கூட்டம் அவருக்கு மரணம் கேட்டுக் கத்திற்று. அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர் பெரும்பாலும் மௌனமானார். நம் சிறுபத்திரிகைகள் காம்யுவின் அந்நியனைப் பற்றி எழுதிய அளவு இந்த மௌனத்தைப் பற்றி எழுதியதில்லை. 1949இல் வந்த அவருடைய நாடகம் ஒன்று 1905இல் ரஷ்யாவில் நடந்ததை வைத்து எழுதப்பட்டது. கோமகனின் வண்டிமீது குண்டெறியப் போன காலியாயேவ், வண்டிக்குள் குழந்தைகளைப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்திவிட்டான். வேறு ஒரு நாள் கோமகனைக் கொன்றான். காலியாயேவை ஒரு ஆதர்சமாக நான் சொல்லவரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் ராஜீவுக்கு ஒரு கவிதை சொல்லிக் காட்ட வந்திருந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். குண்டு வைத்திருந்தவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். கவிதைப் பத்திரிகை நடத்துகிற நாம் அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வரி எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

காம்யு மௌனமானார், நீலன் ஆகவில்லை. மேஜையை விட்டு எழுந்திருக்காததற்கு என்னால் சொல்ல முடிகிற காரணம் இதுதான்: ராஜினாமா ராஜினாமா செய்பவனைச் சுத்தப்படுத்துகிறது. 1968இல் தகப்பனுடைய ராஜினாமாவால் கோணேஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பெயர் பிழைத்தது. மகன் பெயரைப் பணயம் வைத்தார். வரைவு என்பது தவறு செய்ய ஒப்புக்கொள்ளும் எழுத்து. அடித்துத் திருத்த அதில் எப்போதும் இடமிருக்கிறது. இந்த ஊர்க்காரன் என்பதால் ராமானுஜரை இங்கே இழுக்க ஆசை வருகிறது. குருவின் வாக்கை மீறித் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னவர், குருத் துரோகத்துக்கு நரகம் என்றால் நான் ஒருவன்தானே போவேன் என்றாராம். ஆனால் பொருந்தவில்லை. ராமானுஜர் ஏறிய கோபுரத்திலிருந்து சொன்னது கீழே நின்ற ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. நீலன் விஷயத்தில் குறை என்று எனக்குப் படுவது அங்கேதான்.

அவருடைய எழுத்து என்று எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தெளிவான, நிதானமான, ஹார்வர்டில் கேட்டால் மெச்சுகிற ஆங்கிலம். யோசனைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கும். அரசாங்க மொழிபெயர்ப்பு என்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ். வங்கியில் தினமும் அதில் படிவங்களைப் பார்க்கிறேன். நவாலியில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன் சார்பில் கொழும்பில் ஒருவர் என்ன எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைப் படித்துப் பார்க்க வழியில்லை. அவளுக்கு எட்டிய தமிழில் இருந்தது ஒரே ஒரு சொல். அது மூன்று எழுத்து, யார் வேண்டுமானாலும் உச்சரிக்கலாம். வரைவுக்காரர்கள் நம்பிக்கையைக் கேட்கிறார்கள்; நம்பிக்கை படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் எளிது. துரோகி என்ற சொல் விளைகிற நிலம் அந்த இடைவெளி. கொன்றவர்களின் குற்றத்தை இது இம்மியும் குறைக்காது. படிக்க ஒரு நாள் வாய்த்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் கொன்றார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கிளையில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் எட்டுப் பெண்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார்கள். திருவண்ணாமலை, செஞ்சி, போளூர்ப் பக்கத்துப் பெண்கள். விடுதிச் சாப்பாடும் தண்ணீரும் சகிக்கவில்லை; கம்பெனிக்கு இங்கிலீஷில் மனு வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், இனியும் இப்படி நடந்தால் ஷிப்டுக்கு வரமாட்டோம் என்று எழுதச் சொன்னார்கள். அந்த வரியை நான் எழுதவில்லை. அதைக் காட்டியே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதும் தெரியும். அவர்கள் நன்மைக்காகத்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். டிப்ளமா படித்த ஒருத்தி நகலை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மறுநாள் கவுண்டருக்கு வந்து, “நாங்க சொன்ன கடைசி வரி எங்க சார்?” என்றாள். விளக்கினேன். “எங்களக் கேக்காம எடுத்துட்டீங்களே” என்றாள், சத்தம் போடாமல். சாப்பாடு ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது, பிறகு பழையபடி ஆயிற்று. இருவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

2021 டிசம்பரில் இதே சுற்றுவட்டாரத்தில் பாக்ஸ்கான் பெண்கள் விடுதிச் சாப்பாடு கெட்டு விஷமானதற்காகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மனு எழுத அவர்கள் யாரையும் தேடவில்லை. ஆப்பிள் கம்பெனி அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின. என் மனு சாதிக்காததைச் சாலை சாதித்தது. இதையும் சொல்லாமல் வரைவுக்காரர்களுக்குப் பரிந்து பேசினால் நான் பேசுவது பொய்யாகிவிடும். சாலையில் உட்கார்ந்தவர்கள் யாரையும் கொல்லவில்லை என்பதும் இதோடு சேர்ந்த உண்மை. பேனாவுக்கும் வெடிகுண்டுக்கும் இடையில் வேறொன்றும் இல்லாததுபோல 2009இல் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். சாலை இருக்கிறது.

அந்த டிப்ளமா பெண் இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். கணக்கு எங்களிடமே. பாஸ்புக் பதிய வருவாள். நான் இருக்கிற கவுண்டரை விட்டு அடுத்ததற்குப் போவாள். போன மாதம் ஒரு கவுண்டர்தான் திறந்திருந்தது. பதிந்து கொடுத்தேன். போகாமல் நின்றாள். புதுக் கம்பெனியில் பஸ் விஷயமாக ஒரு மனு வேண்டும், தமிழிலேயே எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, கேட்டுக்கொள்கிறோம் என்று நான் எழுதியிருந்த இடத்தில் அடித்துவிட்டு வேறு எழுதினாள்.